சிறு வானூர்தியும் பெருங்கடனும்

‘நான் ஒரு வானூர்தி’ என்னும் தலைப்பில் தன்வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர் எவ்வாறு எழுதுவர் என்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். வானூர்தி பிறக்கும், முகிலைக் கிழித்துப் பறக்கும், மலையும் ஆறும் அதற்குக் கீழே சிறு கோடுகளாய்த் தெரியும். பின்னர் அதற்கு வயதாகும். யாரோ ஒருவர் அதைக் கொட்டகையின் மூலையில் தள்ளிவிடுவார். அது அங்கே கிடந்து கண்ணீர் வடிக்கும். கட்டுரை முடியும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

இத்தகைய கட்டுரைகளில் எண்ணெய் மாற்றிய கை ஒன்றேனும் வருவதுண்டா? எரிபொருளில் நீர் கலந்திருக்கிறதா என்று விடியற்காலையில் குனிந்து பார்த்த மனிதர் ஒருவரேனும் வருவதுண்டா? இல்லை. ‘வயதாயிற்று, ஆகவே மூலைக்குப் போயிற்று’ என்பதோடு மாணவர் நிறுத்திக்கொள்கிறார். பிழையான ஒற்றெழுத்தைச் சிவப்பு மையால் திருத்தும் நாம், இந்தப் பெரும் பிழையைத் திருத்தாமலே விட்டுவிடுகிறோம்.

பொருள்கள் வயதினால் மட்டும் சாவதில்லை. பெரும்பாலும் உடையவரின் புறக்கணிப்பினாலேயே சாகின்றன. வாங்கியவன் உடையவன் அல்லன், பேணுபவனே உடையவன். இதை ஐயந்திரிபற மெய்ப்பிக்கத் தனியார் வைத்திருக்கும் சிறு வானூர்தியைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

“செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளைப் பற்றிய பேச்சு நம் பிள்ளைகளுக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நம் மாணவருள் வானூர்தி வாங்கப் போகிறவர் மிகச் சிலராகவே இருப்பர். ஆனால் மிதிவண்டியோ தையற்பொறியோ வீடோ வாங்காமல் வாழப்போகிறவர் எவருமிலர். மிதிவண்டியைப் பேணாதவன் நடந்து வீடு சேரலாம். மகிழுந்தைப் பேணாதவன் சாலையோரம் நின்று உதவி கேட்கலாம். வானத்தில் ஒதுங்கி நிற்கச் சாலையோரம் இல்லை. ஆகவேதான், மற்ற பொருள்களில் மறைந்து கிடக்கும் உண்மை வானூர்தியில் மறையாமல் நிற்கிறது.

உலகில் மிகுதியாகச் செய்யப்பட்ட வானூர்தி எது? நூற்றுக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் பேரூர்தி அன்று. நால்வர் அமரும் செஸ்னா 172 என்னும் சிறு வானூர்தியே அது. 1956இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அவ்வகையில் இதுவரை 44,000க்கு மேற்பட்டவை செய்யப்பட்டுள்ளன. ஐந்தாறு பேர் பங்கு சேர்ந்து ஒன்றை வாங்கி, முறைவைத்து ஓட்டுவதும் அந்நாட்டில் வழக்கம்.

1978இல் அமெரிக்க நிறுவனங்கள் செய்து விற்ற தனியார் வானூர்திகள் 17,811. பின்னர் இத்தொழில் சரிந்தது. விபத்துக்குப் பின் தயாரிப்பாளர்மீது தொடுக்கப்பட்ட வழக்குகளும், அவற்றால் ஏறிய காப்புறுதிச் செலவும் சரிவுக்குப் பெரிய காரணங்களாகச் சொல்லப்பட்டன. 1986இல் செஸ்னா நிறுவனம் சிறு வானூர்தி செய்வதையே நிறுத்திவிட்டது. 1994இல் விற்பனை 928 ஆகச் சுருங்கியது. அதே ஆண்டில், 18 ஆண்டு கடந்த சிறு வானூர்திக்காகத் தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடுப்பதைப் பெரிதும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1996இல் செஸ்னா மீண்டும் சிறு வானூர்தி செய்யத் தொடங்கிற்று.

இவ்வரலாற்றின் விளைவு என்ன? இன்று அந்நாட்டில் பறக்கும் ஒற்றைப் பொறிச் சிறு வானூர்திகளின் சராசரி வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நம் ஆசிரியர் பலரினும் மூத்த ஊர்திகள் இன்றும் காலையில் ஏறி மாலையில் இறங்குகின்றன. ‘வயதாயிற்று, ஆகவே மூலைக்குப் போயிற்று’ என்னும் கூற்று இங்கேயே பொய்த்துவிடுகிறது.

இன்னும் வலுவான சான்று ஒன்றுண்டு. 1958 டிசம்பர் 4ஆம் நாள் ராபர்ட் டிம், ஜான் குக் என்னும் இருவர் லாஸ் வேகஸ் நகரில் ஒரு செஸ்னா 172இல் ஏறினர். அவர்கள் தரையிறங்கிய நாள் 1959 பிப்ரவரி 7. 64 நாள், 22 மணி, 19 நிமிடம் அவ்வூர்தி வானிலேயே இருந்தது. பாலைநிலச் சாலையில் ஓடும் சரக்குந்தின்மேல் தாழப் பறந்து, குழாய் வழியே எரிபொருள் ஏற்றிக்கொண்டனர். பொறியை நிறுத்தாமலே எண்ணெய் மாற்றுவதற்கு முன்கூட்டியே வழி செய்திருந்தனர். இருவருள் குக் என்பவர் வானூர்திகளைப் பழுதுபார்க்கும் தொழிலர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னாக்கி கெட்டது, வேறு கருவிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டன, இறுதியில் பொறியினுள் கரி படிந்து வலு குறைந்த பிறகே இறங்கினர். ஏறத்தாழ 1,558 மணி நேரம் ஒரே மூச்சாக ஓடிய பொறி அது.

இதற்கு நேர்மாறான காட்சியையும் காண்போம். கொட்டகையில் பத்திரமாக நிறுத்தி, உறையிட்டு மூடி, ஆறு மாதத்திற்கு ஒருமுறை நண்பருக்குக் காட்டி மகிழும் உடையவர் ஒருவர் இருக்கிறார். “என் ஊர்தி புதுமெருகு குலையாமல் இருக்கிறது; பறப்பதே இல்லை” என்று அவர் பெருமை பேசுவார். ஐயா, அது பத்திரமாக இல்லை, அழிந்துகொண்டிருக்கிறது. பல சிறு வானூர்திகளில் உள்ள லைகமிங் பொறியில், அடைப்பிதழ்களைத் திறந்து மூடச் செய்யும் கேம் தண்டு பொறியின் மேற்பகுதியில் உள்ளது. பொறி ஓடும்போது எண்ணெய் அதன்மேல் தெறித்துக் காக்கிறது. ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து கீழே இறங்கிவிடுகிறது. ஈரக்காற்று வெற்று உலோகத்தைத் தொடுகிறது, துரு பிடிக்கிறது. பல மாதம் கழித்துப் பொறியை முடுக்கும்போது, துருவினால் குழிந்த பரப்பு தேய்ந்து உலோகத் துகளாக எண்ணெயில் கலக்கிறது. வெளியில் மெருகு மின்னுகிறது. உள்ளே பொறி தன்னைத் தானே தின்கிறது. சிலேத்தாரிலோ சுபாங்கிலோ ஓடுதளத்தின் அருகே நின்று, கழுத்தில் ஒட்டும் சட்டையோடு சிறு வானூர்திகளைப் பார்த்தவர்க்கு ஈரக்காற்றின் வல்லமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆக, இடைவிடாது உழைத்த பொறி 64 நாள் வாழ்ந்து காட்டிற்று. உழைக்காமல் நின்ற பொறி நின்ற இடத்திலேயே நோயுற்றது. பயன்படுத்துவதும் பேணுதலின் ஒரு பகுதியே. பூட்டி வைப்பது பேணுதல் ஆகாது.

“பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைத்துவிட்டேன், என் கடமை முடிந்தது” என்பார் மற்றொரு சாரார். இவர்களுக்கு அமெரிக்க வான்போக்குவரத்து விதியே விடையிறுக்கிறது. ஊர்தியைப் பறக்கத் தக்க நிலையில் வைத்திருக்கும் முதற்பொறுப்பு அதன் உடையவரை அல்லது இயக்குபவரைச் சார்ந்தது என்கிறது 91.403 என்னும் விதி. தகுதி பெற்ற ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை ஊர்தியை முழுமையாகச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அக்கையெழுத்து அன்றைய நிலைக்கான சான்றே அன்றி, அடுத்த பன்னிரண்டு மாதத்திற்கான உறுதிமொழி அன்று. எஞ்சிய நாள்களில் கண்ணாகவும் காதாகவும் இருக்க வேண்டியவர் உடையவரே.

அவ்விதிகள் உடையவர்க்குக் கடமையோடு உரிமையும் தருகின்றன. விமானி உரிமம் பெற்ற உடையவர், தம் சொந்த ஊர்திக்குத் தாமே எண்ணெய் மாற்றலாம்; சக்கர உறையை மாற்றலாம்; தீப்பொறிச் செருகிகளைத் துடைத்து இடைவெளி சரிசெய்யலாம்; மின்கலத்தை மாற்றலாம். செய்ததை நாளிட்டுப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். தம் கையால் ஒருமுறை எண்ணெய் வடிகட்டியை அறுத்துத் திறந்து, அதன் மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்த்தவர், பிறகு தம் பொறியின் ஓசையைக் கேட்கும் முறையே மாறிவிடும். கை கறுக்காமல் அந்த அறிவு வருவதில்லை. கை கறுப்பதை இழிவாகக் கருதும் மனம் நம்மிடையேயும் இருக்கிறது என்பதை மறுக்க வேண்டா. ‘படித்தவன் கருவியைத் தொடமாட்டான்’ என்னும் பழைய செருக்கு வகுப்பறைகளில் இன்னும் முற்றாக ஒழியவில்லை.

பதிவேட்டைப் பற்றியும் ஒரு சொல். வானூர்தியின் உடலுக்கும் பொறிக்கும் அது பிறந்த நாள் தொட்டுப் பதிவேடு உண்டு. பதிவேடு தொலைந்த ஊர்தியை வாங்குபவர் எளிதில் நம்பமாட்டார், விலை விழும். ஆசிரியர் பெருமக்கள் வருகைப் பதிவேட்டையும் பாடப் பதிவேட்டையும் ‘எழுத்து வேலை’ என்று சலித்துக்கொள்வதுண்டு. ஐம்பது ஆண்டுக்கு முன் ஒருவர் எழுதிய ஒரு வரியை நம்பி இன்று ஒருவர் தம் குழந்தையோடு வானில் ஏறுகிறார் என்றால், எழுத்து வேலை எத்துணைப் பெரிய வேலை!

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். வானூர்தி வாங்குவோர் பலர் பிழை செய்யும் இடம் இது. நான்கு உருளைகள் கொண்ட லைகமிங் பொறிகள் பலவற்றை 2,000 மணி நேரத்தில், அல்லது 12 ஆண்டில், முழுமையாகப் பிரித்துச் செப்பனிடுமாறு அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. அச்செலவு 40,000 வெள்ளி என்று ஒரு கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். 2,000 மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு 20 வெள்ளி. இதை ஒவ்வொரு முறை இறங்கியவுடன் ஒதுக்கிவைக்காமல், எரிபொருளுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு ‘மலிவாகப் பறந்தேன்’ என்பவர் மலிவாகப் பறக்கவில்லை, கடனில் பறந்தார். செப்பனிடும் நாள் வரும்போது கையில் பணமிராது. ‘இன்னும் கொஞ்சம் ஓடட்டும்’ என்னும் சொல் பிறக்கும். இது யானையை வாங்கிவிட்டு அங்குசத்திற்குப் பேரம் பேசும் கதையே.

அவ்வாறாயின், அடிக்கடி பிரித்துப் பூட்டுவதே சிறந்த பேணுதலா? அதுவும் அன்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்படையின் லிபரேட்டர் குண்டுவீச்சு வானூர்திகளை ஆராய்ந்த குழுவில் வாடிங்டன் என்னும் உயிரியல் அறிஞர் இருந்தார். 50 மணிக்கு ஒருமுறை நடந்த குறித்த காலச் சோதனைக்குப் பின்னரே எதிர்பாராப் பழுதுகள் மிகுந்தன என்பதை அவ்வாராய்ச்சி காட்டிற்று. நன்றாக இருந்ததைப் பிரித்ததே அதற்குக் காரணம். 1978இல் யுனைடெட் வான்போக்குவரத்து நிறுவனத்தைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்னும் இருவர் எழுதிய அறிக்கையும், பெரும்பாலான வானூர்தி உறுப்புகளுக்குக் குறித்த வயதில் தேய்வு தொடங்குவதில்லை என்று நிறுவியது. எனவே பணத்தை ஒதுக்கிவைப்பது வேறு. நாட்காட்டியைப் பார்த்துப் பொறியைப் பிளப்பது வேறு. பேணுதல் என்பது ஓயாமல் கைவைப்பதன்று, ஓயாமல் கவனிப்பது. மாணவரை நாள்தோறும் அடித்துத் திருத்த முயலும் ஆசிரியரும், மாணவரின் முகத்தை நாள்தோறும் பார்க்கும் ஆசிரியரும் ஒருவரல்லர்.

மேம்படுத்துதலைப் பற்றியே இன்று மிகுதியான ஆரவாரம். பழைய ஊர்தியின் வட்டக் கருவிகளைக் கழற்றிவிட்டு, வண்ணத் திரைகளைப் பொருத்துகிறார்கள். நிலப்படம், வானிலை, பிற ஊர்திகள் யாவும் ஒளிர்கின்றன. “இனி என் ஊர்திக்கு ஆபத்தில்லை” என்று உடையவர் மகிழ்கிறார். நான் திரையின் பகைவன் அல்லேன். ஆனால் ஆபத்தில்லை என்னும் கூற்றை ஏற்கமாட்டேன். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2002 முதல் 2006 வரை செய்யப்பட்ட எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சிறு வானூர்திகள் அதில் ஆராயப்பட்டன. திரை பொருத்தியவற்றில் மொத்த விபத்து வீதம் குறைவாக இருந்தது. உயிரிழப்பு விபத்து வீதமோ கூடுதலாக இருந்தது. ஒட்டுமொத்தமாகப் பாதுகாப்பு உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. திரை வாங்கியவர், அதைக் கற்கும் பயிற்சியையும் சேர்த்து வாங்கினாரா என்பதே கேள்வி.

அதே ஊர்தியின் இருக்கையைப் பாருங்கள். 1978 ஜூலை 18க்குப் பின் செய்யப்பட்ட சிறு வானூர்திகளின் முன்னிருக்கைகளுக்குத் தோள்வார் இருக்க வேண்டுமென அமெரிக்க விதி கூறுகிறது. அதற்கு முற்பட்டவற்றுக்கு அக்கட்டாயம் இல்லை. எனவே பல்லாயிரம் வெள்ளித் திரைக்கு எதிரே, இடுப்புவார் மட்டும் அணிந்து அமர்ந்திருக்கும் உடையவர் இருக்கக்கூடும். சிறு விபத்தில் அவர் தலை மோதப்போவது அந்தத் திரையின் மீதுதான்! குளிர்நாடுகளில் பறக்கும் இத்தகைய ஊர்திகளில், புகைபோக்கியின் சூட்டைச் சுற்றி வரும் காற்றே உள்ளே வெப்பம் தருகிறது. புகைபோக்கியில் மயிரிழை வெடிப்பு ஏற்பட்டாலும் நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு நச்சு உள்ளே புகும். அதைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக வேண்டுமென 2022இல் அதே வாரியம் பரிந்துரைத்தது. திரையின் விலையோடு ஒப்பிட்டால் அக்கருவியின் விலை சிறு துளி. ஆனால் அதை நண்பருக்குக் காட்டிப் பெருமை பேச முடியாது. அங்கேதான் இருக்கிறது நோய். பிறர் காண்பதற்காகச் செய்யும் மேம்பாடு முதலிலும், உயிர் காப்பதற்காகச் செய்யும் மேம்பாடு இறுதியிலும் நிற்கின்றன.

நடுவுநிலை பிறழாமல் ஒன்றையும் சொல்ல வேண்டும். குற்றம் முழுவதும் உடையவர்மேல் இல்லை. பழைய ஊர்திகளில் சாய்மானம் காட்டும் கருவியைக் காற்றுறிஞ்சும் சிறு பம்பு சுழலச் செய்கிறது. அந்தப் பம்பு முன்னறிவிப்பின்றி உடையக்கூடியது; முகிலுக்குள் உடைந்தால் விமானி மேல்கீழ் அறியாது தடுமாறுவார். தாமே வீட்டில் கட்டிய ஊர்திகளில் மலிவான மின்னணுக் கருவியைப் பலர் பல்லாண்டு பயன்படுத்தியிருக்க, தொழிற்சாலையில் செய்த ஊர்திகளில் அதைப் பொருத்த வழி பிறந்தது 2016இல்தான். பாதுகாப்பின் பெயரால் இயற்றப்பட்ட விதியே பாதுகாப்புக்கு நெடுங்காலம் தடையாக நின்றது. விதியும் பேணப்பட வேண்டிய பொருளே. பேணாத விதியும் துருப்பிடிக்கும்.

இறுதியாக, ஊர்திக்குள் இல்லாதவர்களின் பங்கைப் பேசுவோம். சாலை ஊர்திகளுக்கான ஈயம் கலந்த பெட்ரோலைச் சிங்கப்பூர் 1998இல் கைவிட்டது. அமெரிக்கச் சாலைகளில் அது 1996இல் தடை செய்யப்பட்டது. சிறு வானூர்திகளுக்கான எரிபொருளிலோ ஈயம் தொடர்ந்தது. அந்நாட்டுக் காற்றில் கலக்கும் ஈயத்தின் மிகப் பெரிய ஊற்று இவ்வூர்திகளே. இவை பொதுமக்களின் நலத்திற்கு ஊறு செய்யும் மாசுக்குக் காரணமாகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2023 அக்டோபரில் முறைப்படி முடிவுசெய்தது. கலிபோர்னியாவின் ரீட் ஹில்வியூ வானூர்தித் திடலுக்கு அருகில் வாழும் குழந்தைகளின் குருதியில் ஈயம் கூடுதலாக இருந்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டிற்று. 2022 தொடக்கத்தில் அத்திடலில் ஈய எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது.

“என் ஒரு சிற்றூர்தியால் என்ன வந்துவிடும்?” என்பார் உடையவர். ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்கும் நஞ்சு. தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. “வேறு வழியில்லையே” என்பதும் அனைவர்க்கும் பொருந்தாது. அழுத்தம் குறைந்த பழைய பொறிகள் சிலவற்றில் ஈயமற்ற மகிழுந்து பெட்ரோலைப் பயன்படுத்த 1982 முதலே ஒப்புதல் கிடைத்திருக்கிறது. வலிய பொறிகளுக்கும் ஏற்ற ஈயமற்ற எரிபொருள் ஒன்றுக்கு 2022இல் ஒப்புதல் வழங்கப்பட்டது. எல்லாத் திடல்களிலும் அது கிடைப்பதில்லை என்பது உண்மை. கிடைக்கச் செய்யுங்கள் என்று முதற்குரல் எழுப்ப வேண்டியவர் யார்? திடலின் வேலிக்கு அப்பால் விளையாடும் குழந்தையா? ஊர்தியின் உடையவரா?

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. திருப்பித் தர வேண்டிய பணமும் கடன். செய்தே தீர வேண்டிய செயலும் கடன். சிறு வானூர்தியை வாங்கியவர் இரண்டையும் ஒருசேர ஏற்கிறார். பொறிக்குப் பட்ட கடன் உண்டு. பக்கத்து இருக்கையில் நம்பி அமர்ந்தவர்க்குப் பட்ட கடன் உண்டு. கீழே வாழும் முகமறியாக் குழந்தைக்குப் பட்ட கடனும் உண்டு. இவற்றைத் தீர்க்காதவர் பெயர் பத்திரத்தில் இருக்கலாம். ஊர்தி அவருடையது ஆகாது.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த முறை ‘நான் ஒரு வானூர்தி’ என்னும் தலைப்பைக் கரும்பலகையில் எழுதும்போது, அதன் கீழே ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள்: ‘உன்னை நாள்தோறும் கவனித்தவர் யார்?’ மாணவர் சற்று விழிப்பர். பிறகு ஒருவன் தன் தந்தையின் எண்ணெய் படிந்த கையை நினைத்துக்கொள்வான். ஒருத்தி தன் தாய் இருபது ஆண்டாய்த் துடைத்து வைத்திருக்கும் தையற்பொறியை நினைத்துக்கொள்வாள். அவர்கள் எழுதும் கட்டுரையில் முகில் சற்றுக் குறையலாம். ஆனால் அந்த வானூர்தி மூலையில் கிடந்து அழாது, பறந்துகொண்டிருக்கும்.